ஏ.எஃப். வந்தவர் ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு டாக்டர் "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" (சுருக்கமாக ஏ.எஃப்., இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கும் கோளாறு) என்று சொன்ன சில நாட்களுக்குள் பல வீடுகளில் ஒரு டப்பா வந்து சேர்ந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பியிருப்பார், இல்லையென்றால் காலையில் கூட நடக்கிறவர் "நான் இதைத்தான் சாப்பிடுறேன்" என்று பெயரை எழுதிக் கொடுத்திருப்பார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கோக்யூ10, மீன் எண்ணெய், மஞ்சள் சத்து, இப்படி ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பது, என்று விற்கிற ஏதோ ஒன்று. வாங்கியாகிவிட்டது, பணமும் போய்விட்டது, சாப்பிடலாமா வேண்டாமா என்ற கேள்விதான் பாக்கி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.எஃப்.பில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது அளவுமீறிய ஆக்ஸிஜனேற்றத்தால் செல்களுக்கு வரும் சேதம், இருப்பது உண்மை, டப்பாக்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. ஆனால் அதைக் குறைக்க இன்றைக்கு நம்பி இறங்கக்கூடிய வழிகள் ரத்த அழுத்தம், எடை, குறட்டை, குடி, சர்க்கரை என்று வேறு பக்கம் கிடக்கின்றன. டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் பயனில்லாதது, சில பேருக்கு ஆபத்தானது.

உள்ளே என்ன நடக்கிறது

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை தாறுமாறாக நடுங்குவதுதான் ஏ.எஃப். அவ்வளவு சிக்னலும் கீழறைக்குப் போனால் ஆள் தாங்க மாட்டார். நடுவில் இருக்கும் ஏ.வி. நோட் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது, மிச்சம் இறங்குவதுதான் மணிக்கட்டில் ஒழுங்கே இல்லாத நாடியாகத் தட்டுப்படுகிறது.

நம் செல்களில் ஆக்ஸிஜன் பயன்படும்போதெல்லாம் சூப்பர்ஆக்ஸைடு மாதிரியான, எதைத் தொட்டாலும் வினை புரிகிற மூலக்கூறுகள் கொஞ்சம் உண்டாகும். அளவோடு இருந்தால் உடம்பே சமாளித்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் ஏறி, மேலறை இழுபட்டு, ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் கூடும்போது என்ஏடிபிஎச் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் முடுக்கிவிடப்பட்டு சூப்பர்ஆக்ஸைடைக் கணக்கில்லாமல் உண்டாக்குகிறது. இதய செல்லில் கேம்-கைனேஸ் 2 என்று ஒரு புரதம் உண்டு, கால்சியம் வந்தால் வேலை செய்து, கால்சியம் போனதும் ஓய்ந்துவிட வேண்டியது. ஆக்ஸிஜனேற்றம் பட்டுவிட்டால் அது ஓய்வதில்லை. கால்சியம் சேமித்து வைத்திருக்கும் இடத்தின் கதவு அதனால் சரியாக மூடாமல் போய், வேண்டாத நேரத்தில் கால்சியம் கசிந்து, யாரும் கேட்காத துடிப்பு ஒன்று கிளம்புகிறது. அந்த மாதிரித் துடிப்புதான் ஏ.எஃப்.பைத் தொடங்கிவைக்கும் பொறி. நாளாவட்டத்தில் தசைக்கு நடுவே நார்த்திசு வேறு படர்கிறது, அது வந்துவிட்டால் ஏ.எஃப். நிலைத்து உட்கார இடம் கிடைத்துவிடும்.

இதில் இன்னொரு வில்லங்கம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. ஏ.எஃப்.பைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினால் போகப் போக அது தானாகவே நீண்டு நிலைத்துவிடுகிறது என்று அதில் தெரிந்தது. அதாவது ஏ.எஃப்.பே ஏ.எஃப்.பை வளர்க்கும். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸும் அப்படியே, ஏ.எஃப்.புக்குக் காரணமும் அதுதான், ஏ.எஃப்.பின் விளைவும் அதுதான். போதாக்குறைக்கு இடமும் மாறுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இதய ஆராய்ச்சியாளர் பார்பரா கசாடேய் குழு 2011-ல் காட்டியபடி, ஆரம்பத்தில் என்ஏடிபிஎச் ஆக்ஸிடேஸிலிருந்து வருகிற சூப்பர்ஆக்ஸைடு, நாள்பட்ட ஏ.எஃப்.பில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் நைட்ரிக் ஆக்ஸைடு செய்ய வேண்டிய என்சைம் தடம் மாறிப்போவதாலும் வருகிறது. ஒரே மாத்திரை எல்லா நிலைக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

சரி, அப்படியென்றால் வைட்டமின் சி போட்டு அந்த சூப்பர்ஆக்ஸைடை எல்லாம் பிடித்துவிடலாமே என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் சூப்பர்ஆக்ஸைடு நைட்ரிக் ஆக்ஸைடோடு சேருகிற வேகம், வைட்டமின் சி-யோடு சேருகிற வேகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். வைட்டமின் வந்து சேர்வதற்குள் சேதம் முடிந்துவிடும். அதோடு வாய்வழி சாப்பிடும் வைட்டமின் சி ஒரு நாளைக்குச் சில நூறு மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் பெரிதாக ஏறாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். அடுப்பை அணைக்காமல் புகையை விசிறிக்கொண்டிருப்பது மாதிரிதான்.

"ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால்

இரண்டு கேள்வி கேளுங்கள். யாரிடம் செய்த ஆய்வு? எத்தனை பேர்?

முதல் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி வந்த நல்ல செய்திகளில் பெரும்பாலானவை இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் கிடைத்தவை. பைபாஸ் முடிந்து இரண்டு மூன்று நாளில் பலருக்கு ஏ.எஃப். வரும். அந்தச் சில நாட்களில் உடம்பில் அழற்சியும் ஆக்ஸிஜனேற்றமும் உச்சத்தில் இருக்கும். அதைத் தடுக்க மருந்து கொடுத்துப் பார்ப்பது ஒரு விஷயம், வீட்டில் பல வருடமாக ஏ.எஃப்.போடு இருப்பவருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை கொடுப்பது வேறு விஷயம். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவார்கள்.

அந்த அறுவை சிகிச்சை ஆய்வுகளே எப்படிப் போயின என்று பாருங்கள். 2001-ல் அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட 43 பேருக்கு முதல் நாள் இரவு 2 கிராம் வைட்டமின் சி, அப்புறம் 5 நாள் தினம் இரண்டு வேளை 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஏ.எஃப். வந்தது 16.3 சதவீதம் பேருக்கு, கொடுக்காதவர்களில் 34.9 சதவீதம். பிரமாதமான முடிவு, ஆனால் 43 பேர்தான், யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. 2017-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வேடிக்கையான ஒன்று தெரிந்தது. மற்ற நாடுகளில் செய்த 10 ஆய்வுகளில் ஏ.எஃப். 44 சதவீதம் குறைந்திருந்தது, அமெரிக்காவில் செய்த 5 ஆய்வுகளில் ஒரு பலனும் இல்லை. மருந்து ஒன்றுதான், ஊர் மாறினால் பலன் மாறுகிறதென்றால் அதை நம்பி என்ன முடிவுக்கு வருவது? என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கும் இதே நிலைதான். துருக்கியில் 115 பேரிடம் ஏ.எஃப். 21.1 சதவீதத்திலிருந்து 5.2 ஆகக் குறைந்ததாக 2008-ல் வந்தது, கேட்க நன்றாக இருக்கிறது, 115 பேர்.

சின்ன ஆய்வுக்கும் பெரிய ஆய்வுக்கும் இடைவெளி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஸ்டேட்டின் கதையைப் பாருங்கள். கொழுப்புக்குக் கொடுக்கும் மாத்திரைதான், ஆனால் அது என்ஏடிபிஎச் ஆக்ஸிடேஸை அடக்கும் என்பதால் ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்தாகவும் பலரும் நம்பியிருந்தார்கள். 2006-ல் இத்தாலியில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 200 பேரிடம் செய்த ஆய்வில் அடோர்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 35 சதவீதம், எடுக்காதவர்களில் 57 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். வந்தது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். அப்புறம் பெய்ஜிங்கில் அதே மாதிரி 1,922 பேரிடம் ரோசுவாஸ்டேட்டின் என்ற இன்னொரு ஸ்டேட்டின் 20 மில்லிகிராம் வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்டார்கள்: ஏ.எஃப். வந்தது எடுத்தவர்களில் 21.1 சதவீதம், எடுக்காதவர்களில் 20.5 சதவீதம். வித்தியாசமே இல்லை, அதோடு சிறுநீரகப் பாதிப்பு கொஞ்சம் கூடியிருந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தப் பெரிய ஆய்வையும் நடத்தியவர்களில் அதே கசாடேய் இருந்தார். ஸ்டேட்டின் ஆக்ஸிஜனேற்றத்தைக் குறைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியவரே, நோயாளிகளிடம் பலன் தரவில்லை என்பதையும் வெளியிட்டார். கொழுப்புக்காக உங்களுக்கு ஸ்டேட்டின் எழுதியிருந்தால் அது வேறு கணக்கு, இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மீன் எண்ணெய்: இது தனியாகப் பேச வேண்டியது

"இதயத்துக்கு நல்லது" என்ற பெயரில் அதிகம் விற்பது இதுதான். ஏ.எஃப். உள்ளவர்கள் நான் பார்த்தவரை முதலில் தள்ளி வைக்க வேண்டியதும் இதுதான். இதய அறுவை சிகிச்சையில் 1,516 பேரிடம் செய்து 2012-ல் வந்த ஆய்வில் ஏ.எஃப். வந்தது எடுத்தவர்களில் 30.0, எடுக்காதவர்களில் 30.7 சதவீதம், பலனில்லை. ஏ.எஃப். இல்லாத 25,119 அமெரிக்கர்களிடம் வருடக்கணக்கில் தினம் 840 மில்லிகிராம் ஒமேகா 3 கொடுத்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டதிலும் ஏ.எஃப். குறையவில்லை. இதுவரை நஷ்டம் பணம் மட்டும்தான். ஆனால் தினம் 4 கிராம் சுத்திகரித்த இபிஏ (ஒமேகா 3-இல் ஒரு வகை, டிஎச்ஏ இன்னொரு வகை) கொடுத்த ஆய்வில் ஏ.எஃப்.புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 3.1 ஆகக் கூடினார்கள். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் ஒமேகா 3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலிலேயே ஏ.எஃப்.பைச் சேர்க்கச் சொல்லிவிட்டது.

டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் "1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இருக்கும், இரண்டையும் கூட்டினால் வருகிற 300-தான் உண்மையான ஒமேகா 3. "ட்ரிபிள் ஸ்ட்ரெங்த்" என்று போட்டதில் இது மூன்று மடங்கு வரை போகும், அதையும் நாளைக்கு இரண்டு மூன்று என்று விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிரைகிளிசரைடு அதிகம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தால், ஏ.எஃப். இருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு டாக்டராக இருக்கலாம். சாப்பாட்டில் மத்தி, அயிலை சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

உங்கள் மாத்திரை அட்டையோடு சேர்த்துப் பாருங்கள்

இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. ஏ.எஃப்.பில் உயிரைக் காப்பாற்றுகிற மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. நடுங்குகிற மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். எந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டும் இதற்கு மாற்று கிடையாது. அதன் வேலையைக் கெடுக்கிற எதுவும் வேண்டாம்.

இந்த வகையில் பழைய மாத்திரைகளான வார்ஃபரின் அல்லது ஆசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நம் பக்கம் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி அதனால் ஏ.எஃப். வந்தவர்கள் நிறைய. 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ருமாட்டிக் வால்வு நோயோடு ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் புது மருந்தான ரிவரோக்ஸாபனைவிட வார்ஃபரின் வகை மாத்திரைதான் மேல் என்று காட்டியது. ஆகவே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) நோட்டு வைத்திருப்பவர்கள் குறைந்துவிடப் போவதில்லை. அந்த நோட்டில் 2-க்கும் 3-க்கும் நடுவே எழுதிக்கொண்டு வருகிற எண்ணை இந்த டப்பாக்கள் இரண்டு பக்கமும் தள்ளும். கோக்யூ10-இன் அமைப்பு வைட்டமின் கே-யை ஒத்திருப்பதால் மாத்திரையின் வேகம் குறையலாம். வைட்டமின் ஈ அதிக அளவில் ரத்தக்கசிவைக் கூட்டலாம். மஞ்சள் சத்து கேப்ஸ்யூலைப் பற்றி நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது: வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரத்தில் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டிவிட்டது. குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேப்ஸ்யூலில் இருப்பது பல மடங்கு செறிவு.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் புது மாத்திரைகளான அபிக்ஸாபன், டபிகாட்ரான் எடுக்கிறவர்களுக்கு ஐ.என்.ஆர். பார்க்கிற வேலையில்லை, அதனால் ஏதாவது கெட்டுப்போனாலும் எண்ணில் தெரியாது. ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன நீலத்தழும்பு, கருநிற மலம், இவைதான் அடையாளம்.

துடிப்பு வேகத்தைக் குறைக்கும் டிகாக்ஸின் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டைக்கு, இருமலுக்கு என்று அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தமும் ஏறும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் விஷமாகத் திரும்பும். "மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட்" கலவைகளில் அதிமதுரம் இருக்கிறதா என்று பட்டியலில் தேடுங்கள்.

அப்புறம் பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று வருகிற மல்ட்டிவைட்டமின், ஆன்டிஆக்ஸிடன்ட் கலவைகளில் இது மில்லிகிராம் கணக்கில் இருக்கும். சில ஆய்வகப் பரிசோதனை முறைகளை இது ஏமாற்றிவிடும். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை இல்லாததுபோல் குறைவாகக் காட்டி, தைராய்டு அதிகமோ என்று டாக்டரைக் குழப்பும். ஏ.எஃப். வந்தால் முதலில் பார்ப்பதே தைராய்டுதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்தது. ரத்தம் எடுக்கும் முன், சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பவர்களுக்கு: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் செய்து 1994-ல் வந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. வைட்டமின் ஈ தினம் 400 யூனிட் வருடக்கணக்கில் கொடுத்த ஒரு ஆய்வில், 2005-ல் வந்த முடிவுப்படி, இதயச் செயலிழப்பு கூடியது. ஏ.எஃப்.பும் இதயச் செயலிழப்பும் பெரும்பாலும் கைகோத்து வருகிறவை.

ரத்தத்தில் "ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் லெவல்" பார்க்கிறோம் என்று பேக்கேஜ் விற்கிறார்கள். ஏ.எஃப்.புக்கு அதை வைத்து எந்தச் சிகிச்சையும் மாற்றுவதில்லை. விட்டுவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது

ஆக்ஸிஜனேற்றம் கிளம்புகிற இடத்திலேயே கை வைக்க வேண்டும். எடை முதலில். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உடல் பருமனோடு ஏ.எஃப். இருந்தவர்களைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்டதில், 10 சதவீதமோ அதற்கு மேலோ எடையைக் குறைத்து அப்படியே வைத்திருந்தவர்களுக்கு ஏ.எஃப். திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. 80 கிலோ இருந்தால் 8 கிலோ. மாதம் ஒரு கிலோ என்று போனாலும் ஒரு வருடத்துக்குள் முடியும், ஏறி இறங்கி ஏறினால் பலன் போய்விடும்.

குடி. இதுவும் ஆஸ்திரேலியாதான், 2020, 140 பேர். நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது, தொடர்ந்தவர்களில் 73 சதவீதம். "சிவப்பு ஒயினில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதே" என்கிறவருக்கு இந்த எண்களைக் காட்டலாம். காப்பி விஷயத்தில் நல்ல செய்தி: 2025-ல் வந்த ஆய்வில் 200 பேரைப் பிரித்து ஒரு பாதியைக் காப்பி குடிக்கச் சொன்னார்கள், மறுபாதியை நிறுத்தச் சொன்னார்கள். குடித்தவர்களில் 47 சதவீதம், நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது. காலை டிகாக்ஷனைப் பயந்து விட வேண்டாம், உங்களுக்குப் படபடப்பு வந்தால் மட்டும் குறையுங்கள்.

குறட்டையை அலட்சியம் செய்யாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் இரவு முழுக்க ஆக்ஸிஜன் இறங்கி ஏறும், ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள், மூச்சு நிற்கிறது என்றால் தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள். ரத்த அழுத்தத்தை வீட்டில் பார்க்கும்போது, ஏ.எஃப்.பில் மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும் என்பதால் மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். நாடி பார்ப்பதும் அப்படியே: கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழு 60 வினாடி எண்ண வேண்டும், 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குத்தான் சரிவரும். சர்க்கரையோ இதயச் செயலிழப்போ இருந்தால், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வில் அது ஏ.எஃப்.பை 19 சதவீதம் குறைத்திருக்கிறது. பீடி, சிகரெட் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சாப்பாட்டில் நெல்லிக்காய், கொய்யா, பருப்பு, காய்கறி, நிலக்கடலை எல்லாம் தாராளமாக. ஆசிட்ரோம் எடுக்கிறவர்கள் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டால் டாக்டர் மாத்திரை அளவை அதற்கேற்ப வைப்பார். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரைக் கலைக்கும்.

அடுத்த முறை போகும்போது டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் சொன்னால் போதாது, பின்பக்கப் பட்டியல் அவர் கண்ணில் பட வேண்டும். லேகியம், சூரணம் இருந்தால் அதையும். ஏற்கனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுவந்து ஆசிட்ரோம் அளவும் அதற்கேற்ப செட்டாகியிருந்தால் திடீரென்று நிறுத்தினாலும் ஐ.என்.ஆர். மாறும், எனவே நிறுத்துவதையும் சொல்லிவிட்டுச் செய்து ஒரு வாரத்தில் ரத்தம் பாருங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும், இரண்டே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட, காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஊசி போடலாமா என்பதே கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தது. ஆகவே கிளம்பும்போது மாத்திரை அட்டையையும் ஐ.என்.ஆர். நோட்டையும் எடுத்துக்கொண்டு, கடைசி வேளை எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி ஆம்புலன்ஸில் கூட வருகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.